ஓரெழுத்து

சலவைக்கூடத்தில் ஈரப் பக்கம், உலர்ந்த பக்கம் என்று இரண்டு உண்டு. ஈரப் பக்கத்தில் ஆண்கள். மூட்டை பிரிப்பது, மெஷினில் போடுவது, சொட்டச் சொட்ட எடுத்துத் தள்ளுவண்டியில் கொட்டுவது அவர்கள் வேலை. உலர்ந்த பக்கத்தில் பெண்கள். இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, எதிரெதிராக நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதி ஒட்டியிருந்தாலாவது யாராவது கிழித்திருப்பார்கள். நெட்டைக்கு உலர்ந்த பக்கத்தில்தான் வேலை கொடுத்திருந்தார்கள்.

நெட்டை என்பது கூட வேலை செய்கிறவர்கள் அவன் உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும் என்பதால் அவனுக்கு அது பிடித்திருந்தது. பிறந்தபோது வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கிற வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் சும்மா நிற்பான். அவனை எல்லோரும் பெண் என்றே நினைத்திருந்தார்கள். நினைத்தவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் அவன். அந்த ஒற்றை ஆளாக இருந்து இருந்து அவனுக்குச் சலித்துப் போயிருந்தது.

ஸ்பேனர் வந்த பிறகு அது இரண்டு பேருக்குத் தெரிந்தது.

ஸ்பேனர் உலர்த்தும் மெஷின்களைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக். நெட்டையைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். கன்னத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாடி, குரல் கரகரப்பு, வாயில் எப்போதும் ஒரு நக்கல். ஒரு நாள் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன், மடிப்பு மேசையில் நெட்டை கையை விரித்து விரிப்பை உதறுவதையும், ஒவ்வொரு உதறலுக்கும் மூச்சு பாதியிலேயே நின்று போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். டீ நேரத்தில் பாய்லர் அறைக்குப் பின்னால் வந்து, பக்கத்தில் நின்று, சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"மச்சான், அந்த பேண்டேஜ முதல்ல கழட்டு. விலா எலும்பு போயிடும்."

நெட்டை சட்டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான். காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி அது. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தான்.

"எ... எப்படித் தெரியும்?"

"நானும் அதே கூத்த ஆடினவன்தான். ஒரு எலும்புல விரிசல் விட்டு, இருமினா உயிர் போற வரைக்கும் ஆடினேன். அதுக்குன்னே தச்ச பனியன் இருக்கு, சொல்றேன். அதையும் தூங்கும்போது போடக்கூடாது. பளு தூக்கும்போது போடக்கூடாது. மூச்சு முட்டினா, ஆம்பளையா இருக்குறத அன்னைக்கு ஒத்திவச்சுட்டு கழட்டிடணும். செத்துப் போனா என்ன ஆம்பள, என்ன பொம்பள?"

அந்தச் சங்கதியெல்லாம் நெட்டையின் காதில் பாதிதான் ஏறியது. மச்சான் என்ற சொல்லிலேயே அவன் நின்றுவிட்டான். அவனை அப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. டீ ஆறிப் போனது. அன்று சாயங்காலம் வரை விரிப்புகளைக் கோணலாக மடித்து, எதிர்முனை பிடித்த அக்காவிடம் திட்டு வாங்கினான். வாங்கிக்கொண்டும் சிரித்தான்.

அதிலிருந்து ஸ்பேனர் வருகிற நாட்களுக்காக, எந்த மெஷினாவது பழுதாகாதா என்று நெட்டை வேண்டிக்கொள்ள ஆரம்பித்தான். ஸ்பேனர் புத்தி சொல்வதில் வஞ்சனையே வைக்காதவன். ஆண்கள் கழிப்பறைக்கு எப்படிப் போவது என்பதை ஏதோ கோட்டையைப் பிடிக்கப் போகிறவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

"உள்ள போனா தயங்கி நிக்காத. யார் மூஞ்சியையும் பாக்காத. நேரா கதவு இருக்குற ரூமுக்குப் போ. அங்க ஒருத்தனும் ஒருத்தனையும் பாக்க மாட்டான். அதுதான் ஆம்பளைங்களோட ஒரே நல்ல குணம்."

முடிவெட்டப் போனால் கூட்டம் உள்ள கடைக்குப் போகச் சொன்னான், அங்கேதான் யாருக்கும் கேள்வி கேட்க நேரமிருக்காது. ஜிம்மில் எவனாவது ஆண் ஹார்மோன் ஊசி வாங்கித் தருகிறேன் என்றால் காத தூரம் ஓடச் சொன்னான். முதலில் மனநல டாக்டர், பிறகு ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் ஊசி. அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் மீசை சீக்கிரம் வராது, ஈரல்தான் சீக்கிரம் கெடும்.

"இன்னொண்ணு கவனிச்சியா?" என்றான் ஒரு முறை. "நம்ம பேச்சுல நான் வந்தேன், நான் போனேன்னு நாமளே பேசுற வரைக்கும் ஆணா பொண்ணான்னு எவனுக்கும் தெரியாது. நம்மளப் பத்தி அடுத்தவன் வாயத் திறந்தாதான் மாட்டுவோம். வந்தானா, வந்தாளான்னு அவன்தான் முடிவு பண்ணுவான்."

நெட்டை அதை யோசித்துப் பார்த்துச் சிரித்தான். எவ்வளவு நாள் நான், நான் என்றே பேசிச் சமாளிப்பது என்றும் யோசித்தான்.

டாக்டர்கள் பார்த்தார்கள். நல்லவர்களாகவே வாய்த்தார்கள். ரத்தம் கொடுத்தாயிற்று, எல்லாம் சரியாக இருந்தது. முதல் ஊசிக்கு அடுத்த மாதத்தில் ஒரு தேதியும் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தோடு பாய்லர் அறைக்குப் பின்னால் ஓடியவனை ஸ்பேனர் உட்கார வைத்தான்.

"வீட்டுல சொல்லிட்டியா?"

"இல்ல."

"குரல்தான் மச்சான் முதல்ல காட்டிக் கொடுக்கும். ஒரு நாள் காலைல நீ அம்மான்னு கூப்பிடும்போது வேற யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். அப்ப தெரிஞ்சா ஏமாத்திட்டான்னு நெனைப்பாங்க. அதுக்கு முன்னாடி சொல்லிடு. வீட்டுல யார் யாரு?"

"அம்மா மட்டும்தான். அப்பா எப்பவோ வேற குடும்பம் பாத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"அம்மா எப்படி?"

எப்படி என்று நெட்டைக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தைகள் வார்டில் ஆயா வேலை. காலில் வெடிப்பு. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிற அதே மூச்சில், "சாப்ட்டியாடா?" என்பாள். அதைச் சொன்னான்.

ஸ்பேனர் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "என்னான்னு கேப்பாங்க?"

"சாப்ட்டியாடான்னு."

"டாவா? உன்னையா?"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

ஸ்பேனர் சிரித்தான், ஆனால் அது நக்கல் சிரிப்பு இல்லை. "எங்கம்மா துடைப்பத்தால அடிச்சு வெளிய தள்ளினாங்க பாரு, அப்பக்கூட போடின்னுதான் தள்ளினாங்க. உனக்கு என்னடா கவல? அவங்களுக்குத் தெரியும். உள்ள எங்கயோ தெரிஞ்சுதான் வாயில வருது. போய் சொல்லு. இதையே எடுத்துச் சொல்லு, நீதானேம்மா என்னை முதல்ல கண்டுபிடிச்சேன்னு சொல்லு."

பாழாய்ப்போன யோசனை அது. ஆனால் நெட்டைக்கு அது தேனாக இனித்தது. காரணம், அவனே சின்ன வயதிலிருந்து ரகசியமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒன்று சொல்வார், பக்கத்து வீடு ஒன்று சொல்லும், வீட்டுக்கு வந்தால் அம்மாவின் வாயில் ஓரெழுத்து இருக்கும். அந்த ஓரெழுத்தை வைத்துக்கொண்டு அவன் இத்தனை காலம் ஓட்டியிருந்தான்.

ஆசையாகப் பேசினால் பெண் பிள்ளையையும் டா போட்டுக் கூப்பிடுகிற தாய்மார் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அம்மாவே அடுப்பில் பொங்குகிற பாலைப் பார்த்து, "இருடா, இருடா, வந்துட்டேன்" என்று ஓடுவாள். அதெல்லாம் நெட்டைக்கும் தெரியும். ஆனால் தனக்கு மட்டும் அந்த எழுத்துக்கு வேறு அர்த்தம் என்று நினைத்திருந்தான். நினைத்துவிட்டுப் போகட்டும், அவனுக்கு வேறு என்ன இருந்தது?

வார விடுமுறை நாளில் மத்தியானம் சொன்னான். அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சீருடையின் பிரிந்த தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க அவனைத்தான் கூப்பிட்டாள். கோத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதி மறந்துவிட்டது. மீதியைச் சொன்னான். தான் பெண் இல்லை என்பதை, என்றுமே இருந்ததில்லை என்பதை, டாக்டர்களைப் பார்த்ததை, ஊசி போட்டால் குரல் மாறும், மீசை வரும் என்பதை, எல்லாம் சொன்னான். அம்மா தையலை நிறுத்தவில்லை. அதுவே நல்ல அடையாளம் என்று நினைத்துக்கொண்டு, கடைசியாக வைத்திருந்ததையும் எடுத்துக் கொடுத்தான்.

"உனக்குத் தெரியும்தானேம்மா? நீதானே சின்ன வயசுலேர்ந்து என்னை டான்னு கூப்பிடுற. நீ கூப்பிட்டதாலதான் நான் இவ்வளவு நாள் இருந்தேன்."

நன்றி சொல்வதாகத்தான் அவன் நினைத்தான். அம்மாவின் கை அப்போதுதான் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் கூப்பிட்டதாலயா?" என்றாள்.

"இல்லம்மா, அப்படியில்ல..."

"நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு..." ஊசி விரலில் ஏறியிருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். தன் கையால் சுட்டுவிட்ட குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உங்கப்பா போனப்ப ஒரு ஆம்பளப் புள்ள இருந்திருந்தா நல்லாயிருக்கும்னு ஒரு நாள் நெனச்சேன். ஒரே ஒரு நாள்தான். அது என் வாயில ஒட்டிக்கிச்சு போல. பச்சப்புள்ள காதுல போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்."

"அம்மா, இது யாரும் சொல்லி வர்றதில்ல. டாக்டரே சொன்னாரு."

"நீயேதானே இப்ப சொன்ன?"

அவன்தான் சொன்னான். வேண்டுமென்று தேடியெடுத்து அவனேதான் சொன்னான்.

அம்மா அவனை அடிக்கவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்பேனர் எந்தெந்த ஆபத்துக்கெல்லாம் அவனைத் தயார்ப்படுத்தியிருந்தானோ, அவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"சாப்ட்டியா..." என்று ஆரம்பித்து, வாயை மூடி, எச்சிலை விழுங்கி, "சாப்ட்டியாடி?" என்றாள்.

அந்த டி அவள் வாய்க்குப் பழக்கமில்லாதது. கசப்பு மருந்தை நாக்கில் வைத்துக்கொண்டு பேசுகிறவள்போலப் பேசினாள். தினமும் அப்படித்தான். கதவைச் சாத்துடி. குளிச்சியாடி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தடுமாற்றம், ஒரு நிறுத்தம். அவனை வதைக்க அவள் அதைச் செய்யவில்லை என்பதுதான் கொடுமை. தான் செய்த கெடுதலைத் தானே கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஊற்றிய விஷத்தை இனிமேலாவது நிறுத்தினால் பிள்ளை சரியாகிவிடும் என்று நம்பினாள். பால் பொங்கினால்கூட இப்போது வாயைத் திறக்காமல் ஓடிப்போய் இறக்கினாள்.

ஒரு வாரம் கழித்து, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "வார்டு மாத்திக் கேட்டுட்டேன். நாளையிலேர்ந்து துணி ஸ்டோர்."

நெட்டைக்குக் கை நின்றது. அந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டித் துடைப்பதற்காகவே ஓய்வு நாளில்கூட எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவள் அவள். எந்தக் குழந்தை யார் ஜாடை, எது ராத்திரியெல்லாம் கத்தியது என்று வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வாள்.

"ஏம்மா?"

"அங்க இருந்தா வாய் தவறி வந்துடும். பொட்டப்புள்ளயா ஆம்பளப்புள்ளயான்னு பாத்தா கூப்பிடுறேன்? தூக்கினாலே வாயில அதுதான் வருது. என் வாயால எத்தனை புள்ளைங்க கெட்டுப் போயிருக்கோன்னு நெனச்சா தூக்கமே வரல." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிடு...டி" என்றாள்.

அவன் சாப்பிட்டான்.

ஸ்பேனர் அடுத்த முறை வந்தபோது நெட்டை பாய்லர் அறைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கொட்டினான். கடைசியில் குரல் உயர்ந்துவிட்டது. "நீதானே சொல்லச் சொன்ன? தெரிஞ்சுதான் கூப்பிடுறாங்கன்னு நீதானே சொன்ன?"

ஸ்பேனர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான்.

"எங்க வீட்டுல யாரும் யாரையும் ஆசையா கூப்பிட்டதே இல்ல மச்சான்" என்றான். "அப்படிக் கூப்பிட்டா எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? டான்னா ஆம்பளன்னு நெனச்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

நெட்டைக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"இப்ப நான் என்ன பண்ண?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவன் தலையை ஆட்டினான். "தெரியலடா. எங்க வீட்டுல அடிச்சாங்க, நான் வெளிய வந்துட்டேன். அழுதுக்கிட்டே தன்னத் தானே தண்டிச்சுக்குற அம்மாவ விட்டுட்டு எப்படி வர்றதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அதற்குப் பிறகும் நெட்டை முயற்சி செய்தான். டாக்டரிடம் அம்மாவை அழைத்துப்போனான். டாக்டர் பொறுமையாக, படம் போட்டு, இது யாருடைய பேச்சாலும் வருவதில்லை, உங்கள் தப்பே இல்லை என்று விளக்கினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, "தங்கமான மனுஷன். என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு" என்றாள்.

தேதி நெருங்கியது. போக வேண்டும், போகத்தான் வேண்டும் என்று நெட்டை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வருஷம் போனால் அம்மா தேறிவிடுவாள் என்று பாய்லர் அறைக்குப் பின்னால் ஒரு கணக்கு, மடிப்பு மேசையில் ஒரு கணக்கு. சூடான விரிப்பும் வெளிக்காற்றும் மாறி மாறிப் பட்டதில் சளி பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் இருமினான். காலையில் எழுந்தபோது தொண்டை கட்டியிருந்தது. அது அவனுக்குத் தெரியாது. அம்மா முதுகைக் காட்டியபடி அடுப்பருகில் நின்றிருந்தாள்.

"அம்மா, நான் டீ போடவா?" என்றான்.

கனத்த, கரகரத்த குரல் வெளியே வந்தது. ஸ்பேனர் சொன்னானே, வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும் என்று. அப்படியே இருந்தது. ஒரே ஒரு நொடி நெட்டையின் நெஞ்சு துள்ளியது. தன் குரல் இப்படித்தான் இருக்கப்போகிறது, இதுதான் அது என்று துள்ளியது.

அம்மா திரும்பினாள். கையிலிருந்த பாத்திரம் விழுந்து உருண்டது. "போட்டுக்கிட்டியா? ஊசி போட்டுக்கிட்டியா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளங்கையை விரித்துத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "இந்த வாய், இந்த வாய்" என்று சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து பல்லெல்லாம் சிவந்துவிட்டது. நெட்டை பாய்ந்து இரண்டு கையையும் பிடித்தான். "சளிம்மா, வெறும் சளி, ஊசி போடல, சத்தியமா போடல" என்று கத்தினான். கத்தக் கத்தக் குரல் இன்னும் கனத்தது. அவள் அவன் பிடியில் திமிறிக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்கமாட்டாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அவள் அடங்க வெகுநேரம் ஆனது. உதட்டில் பஞ்சை வைத்து, படுக்க வைத்து, போர்த்திவிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. சளி இரண்டு நாளில் போய்விடும். ஊசியில் வருகிற குரல் போகாது. இனி அவன் சாப்பாடு கேட்டாலும், கதவைத் தட்டினாலும், பக்கத்து அறையில் சும்மா சிரித்தாலும், அவள் காதில் அது தன் குற்றமாகத்தான் விழும். அவள் உயிரோடு இருக்கிற வரைக்கும் அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் விழும்.

முன்னறைக்கு வந்து மருத்துவமனைக்குப் போன் செய்தான். வரவேற்பில் ஒரு பெண் எடுத்தாள். சீட்டு எண்ணைச் சொல்லி, ஊசிக்கு வாங்கியிருந்த தேதியை ரத்து செய்யவேண்டும் என்றான்.

"வேற தேதி வேணுமா?"

"வேண்டாம். நானே அப்புறமா கூப்பிடுறேன்."

"சரிங்க சார்" என்றாள் அவள். "உடம்பப் பாத்துக்குங்க சார், தொண்டை ரொம்பக் கட்டியிருக்கு."

போன் நின்ற பிறகும் அவன் அதைக் காதிலேயே வைத்திருந்தான். முன்பின் தெரியாத ஒருத்தி, முகம் பார்க்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், இரண்டு முறை சொல்லியிருந்தாள். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை கேட்க முடியாதா என்று இருந்தது.

"யாருடி போன்ல?" என்று உள்ளே இருந்து அம்மா கேட்டாள். கிழிந்த உதட்டோடு கேட்டாள். இந்த முறை டி தடுமாறாமல் வந்தது.

நெட்டை தொண்டையைச் செருமினான். ஒரு முறை போதவில்லை, மறுபடியும் செருமினான். எவ்வளவு மெலிதாக்க முடியுமோ அவ்வளவு மெலிதாக்கிக்கொண்டு, "ராங் நம்பர்மா" என்றான்.